நீர்மட்டத்தின் கீழே: அமெரிக்கக் கல்லூரிகளின் ஒத்திசைவு நீச்சலும் ‘மாணவ விளையாட்டாளர்’ என்னும் சொல்லும்

1. முன்னுரை

விளையாட்டைப் பற்றி ஆராய்வது இலக்கிய மாணவனின் வேலையன்று எனக் கருதுவோர் நம்மிடையே இன்னும் உளர். ஆயினும் திரினிடாட்டைச் சேர்ந்த மார்க்சியரான சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட கிரிக்கெற் பற்றிய நூலின் பின்னர் அக்கருத்து வலுவிழந்து விட்டது எனலாம். எந்தக் கழகத்தில் யார் சேரலாம், யார் சேர முடியாது என்னும் கேள்விக்குள்ளேயே ஒரு குடியேற்ற நாட்டின் வர்க்க, நிற உறவுகள் முழுவதும் அடங்கியிருந்தமையை அவர் காட்டினார். ஒரு சமூகம் தன்னைப் பற்றி நேரடியாகக் கூறத் தயங்குவனவற்றைத் தன் விளையாட்டுக்களிலே கூறிவிடுகின்றது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள் நமது வாசகர் பலருக்குப் புதியதாயிருக்கலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல்கலைக்கழகமொன்றில் ஒத்திசைவு நீச்சல் அணியில் ஒரு மாணவி சேருகின்றாள் என வைத்துக்கொள்வோம். அவள் எதிற் சேருகின்றாள்? கலையிலா, போட்டியிலா, உழைப்பிலா? அவளுக்கு அங்கு வழங்கப்படும் ‘மாணவ விளையாட்டாளர்’ என்னும் பெயர் எங்கிருந்து வந்தது? அப்பெயர் எதனை வெளிப்படுத்துகின்றது, எதனை மறைக்கின்றது? விளையாட்டுத் திறனுக்கு ஈடாகக் கற்கைக் கட்டணம் என்னும் கொடுக்கல் வாங்கல், 1945இல் ஏற்பட்ட இலவசக் கல்வியின் பயனாகப் பல்கலைக்கழகம் புகுந்த நமக்குப் பழக்கமற்றது. பழக்கமற்றது என்பதனாலேயே அதனைத் தெளிவாக நோக்கும் வாய்ப்பும் நமக்குண்டு.

2. விளையாட்டின் இயல்பு

2017ஆம் ஆண்டு சர்வதேச நீச்சல் சம்மேளனம் இவ்விளையாட்டின் பெயரைக் ‘கலைநய நீச்சல்’ என மாற்றியது. அதற்கு முன்னர் ‘ஒத்திசைவு நீச்சல்’ என்பதே வழக்கு. பழகியவர்கள் இன்றும் பழைய பெயரையே பெரிதும் விரும்புகின்றனர். இசைக்கேற்ப நீரில் நிகழ்த்தப்படும் இவ்வாற்றுகையைத் தனியாகவோ இருவராகவோ எண்மர் கொண்ட அணியாகவோ நிகழ்த்தலாம். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் மூவர் நிகழ்த்தும் பிரிவும் உண்டு.

நடன அரங்கிலே நடிகைக்கு நிலம் இருக்கின்றது. இங்கு நிலம் இல்லை. போட்டியின்போது தடாகத்தின் அடித்தளத்தைத் தொடுதல் தவறாகும். எனவே நீரே நிலமாக வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது கால்கள் இரண்டும் முட்டை அடிக்கும் கருவியைப் போல மாறிமாறிச் சுழல்கின்றன. தலைகீழாகக் கால்களை மேலே நீட்டும்போது கைகள் நீருக்கடியில் இடைவிடாது நீரை வருடித் தள்ளி உடலைத் தாங்குகின்றன. மூக்கினுள் நீர் புகாதிருக்க ஒரு சிறிய கவ்வி. தலைமயிர் கலையாதிருக்கச் சுடுநீரிற் கரைத்த ஜெலற்றின் பூச்சு. இசை கேட்பதற்கு நீருக்குள் ஒலிபெருக்கி.

பயிற்சியின் பெரும்பகுதி நீருக்கு வெளியே நிகழ்வது என்பதும் குறிப்பிடத்தக்கது. தடாகக் கரையில் வரிசையாக நின்று எட்டுவரை எண்ணி, எண்ணுக்கோர் அசைவாக அணியினர் ஒத்திகை பார்ப்பர். நீருக்குள் கால் செய்ய வேண்டியதைக் கரையிற் கையே செய்து காட்டும். கை வளைந்தால் அது முழங்கால் மடிந்ததற்குக் குறியீடு. இவ்வாறு ஓர் ஆற்றுகை முதலில் ஒரு குறிமொழியாகக் கற்கப்பட்டு, பின்னரே உடலுக்குள் இறங்குகின்றது.

இவ்விளையாட்டின் மிகக் கவர்ச்சியான கட்டம் தூக்கல் ஆகும். ஒருத்தி நீரைப் பிளந்துகொண்டு வானில் எழுந்து புரண்டு மீள்கின்றாள். பார்வையாளர் அவளைக் காண்கின்றனர். ஆனால் அவளை எறிந்தவர்கள் மூச்சையடக்கியவாறு நீருக்குள் இருக்கின்றனர். தடாகத்தின் அடித்தளத்தை உதைக்காமல், ஒருவர் தோளில் மற்றவர் காலூன்ற, தம்முடலையே படிக்கட்டாக்கி அவளை உயர்த்துகின்றனர். மேலே எழுபவளின் உயரம் கீழே இருப்பவர்களின் பலத்தினாலும் அவர்கள் ஒரே கணத்தில் இயங்குவதனாலும் தீர்மானிக்கப்படுகின்றது.

இங்கே ஒரு முரண்பாட்டை அவதானிக்கலாம். ஓட்டப்போட்டியில் ஓடுபவனின் முகம் கோணுவதை எவரும் குறையெனக் கொள்வதில்லை. பாரந்தூக்குபவனின் வேதனை காட்சியின் ஒரு பகுதி. ஒத்திசைவு நீச்சலிலோ உழைப்பின் சுவடு முகத்திலே தெரிதல் ஆகாது. அளிக்கை முறை என்பது நெடுங்காலமாகப் புள்ளியிடப்படும் அம்சங்களில் ஒன்றாக இருந்து வந்துள்ளது. நீருக்கடியில் ஒரு நிமிடத்தின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு மேலெழும் பெண் உடனே புன்னகைத்தல் வேண்டும். உழைப்பை மறைப்பதே இங்கு உழைப்பின் இறுதிக் கட்டம். பண்டமொன்றைக் காண்போர் அதனுள் உறைந்த மனித உழைப்பைக் காண்பதில்லை என ‘மூலதனம்’ நூலில் மார்க்ஸ் விளக்கியதை இத்தடாகத்தின் கரையில் நின்று நினைத்துப் பார்ப்பது மிகையாகாது.

3. கல்லூரியிற் பிறந்த கலை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அலங்கார நீச்சல் எனப்பட்ட வித்தைகளை ஆண்களும் செய்து காட்டினர். அது பெண்களுக்குரியதாக உருமாறியமை இருபதாம் நூற்றாண்டின் நிகழ்வு. அவுஸ்திரேலிய நீச்சல்காரியான அனெற் கெலர்மன் 1907இல் நியூயோர்க் நகரின் ஹிப்போட்ரோம் அரங்கில் கண்ணாடித் தொட்டியொன்றினுள் நிகழ்த்திய நீர் நடனம் பெரும்புகழ் பெற்றது. அது வணிக அரங்கின் வழி வந்த ஓடை.

மற்றோர் ஓடை கல்லூரிகளில் ஊற்றெடுத்தது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பயின்று உடற்கல்வி ஆசிரியையான கத்தரின் கேர்ட்டிஸ், 1923இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் நீர் நடனக் கழகமொன்றை அமைத்தார். நீச்சலசைவுகளை இசையோடு இணைத்துக் கற்பித்தமை அவரது சாதனை. 1933-34ஆம் ஆண்டுகளில் சிக்காகோவில் நிகழ்ந்த உலகக் கண்காட்சியில் அவருடைய மாணவியர் ஆற்றுகை நிகழ்த்தினர். அங்கு அறிவிப்பாளராயிருந்த முன்னாள் ஒலிம்பிக் வீரர் நோர்மன் ரொஸ் என்பவரே ‘ஒத்திசைவு நீச்சல்’ என்னும் தொடரை வழக்கிற் கொணர்ந்தவராவார். 1939இல் சிக்காகோ நகரின் இரு கல்லூரிகளுக்கிடையே போட்டி நடைபெற்றது. 1941இல் அமெரிக்க அமெச்சூர் விளையாட்டு ஒன்றியம் இதனைப் போட்டி விளையாட்டாக ஏற்றுக்கொண்டது.

அக்காலத்திலேயே முதலாளித்துவக் கேளிக்கைத் தொழிலும் இக்கலையைத் தனதாக்கிக் கொண்டது. 1939ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சியில் பில்லி றோஸ் நடத்திய நீர்க்களியாட்டம் கூட்டங்கூட்டமாக மக்களை ஈர்த்தது. எஸ்தர் வில்லியம்ஸ் என்னும் நீச்சல் வீராங்கனை 1940ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிக்கெனக் காத்திருந்தார். யுத்தத்தினால் அப்போட்டி நடைபெறவில்லை. அவர் அவ்வாண்டு சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்த நீர்க்களியாட்டத்திற் சேர்ந்து, பின்னர் ஹொலிவூட் திரைப்பட நட்சத்திரமானார். போட்டித் தடாகம் மூடப்பட்டபோது சந்தையின் தடாகம் திறந்திருந்தது. இன்றுவரை இவ்விளையாட்டைக் காண்போர் முதலிற் காணும் புன்னகையும் பளபளக்கும் நீச்சலுடையும் இத்திரைப்பட மரபுக்குப் பெரிதும் கடமைப்பட்டவை. ‘இது விளையாட்டா, வேடிக்கையா?’ என்னும் ஏளனத்தை இவ்வீராங்கனையர் பல தசாப்தங்களாக எதிர்கொள்ள நேர்ந்தமைக்கும் அதுவே காரணம். 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸிலேயே இது ஒலிம்பிக் பதக்க விளையாட்டாயிற்று.

4. ‘மாணவ விளையாட்டாளர்’: ஒரு சொல்லின் வரலாறு

சொற்கள் அப்பாவிகளல்ல என்பது இலக்கிய மாணவர் நன்கறிந்ததே. ‘மாணவ விளையாட்டாளர்’ என்னும் தொடரைக் கேட்கும்போது அது இயல்பான விவரணை போலத் தோன்றுகின்றது: படிப்பவர், விளையாடுபவர், அவ்வளவுதான். ஆனால் அத்தொடர் பிறந்த இடம் தடாகமோ மைதானமோ வகுப்பறையோ அன்று. நட்டஈட்டு வழக்குகளின் நிழலில் அது பிறந்தது.

1953இல் கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம், அமெரிக்க உதைபந்தாட்டப் பயிற்சியிற் காயமடைந்த பல்கலைக்கழக மாணவரொருவரை அப்பல்கலைக்கழகத்தின் ஊழியராகக் கொண்டு, அவருக்குத் தொழிலாளர் நட்டஈடு உரித்தெனத் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு நிலைபெற்றிருக்குமாயின் விளையாட்டுப் புலமைப்பரிசில் என்பது கூலியென்றும், பல்கலைக்கழகம் முதலாளியென்றும் ஆகியிருக்கும். 1955இல் அதே மாநிலத்தில் மற்றொரு மாணவர் ஆட்டத்தின்போது தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி நட்டஈடு கோரினார். 1957இல் அதே நீதிமன்றம் அக்கோரிக்கையை நிராகரித்தது. கல்லூரி உதைபந்தாட்டத் தொழில் நடத்தவில்லை என்பது அதன் நியாயம்.

இந்த ஆண்டுகளிலேயே தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ‘மாணவ விளையாட்டாளர்’ என்னும் தொடரை எங்கும் புகுத்தியது. 1951 முதல் 1987 வரை அச்சங்கத்தின் நிறைவேற்றுப் பணிப்பாளராயிருந்த வோல்ற்றர் பயேர்ஸ், 1995இல் வெளியிட்ட தமது நூலில் இதனை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார்: விளையாட்டாளரை ஊழியர் எனச் சட்டம் கொள்ளுமோ என்னும் அச்சத்தினாலேயே அத்தொடர் ஆக்கப்பட்டது. ஆக, ‘மாணவ’ என்னும் அடைமொழி கல்வியின் சிறப்பைக் கூறவந்ததன்று. உழைப்பின் உரிமையை நீக்கவந்தது. நீருக்குமேல் தெரியும் புன்னகை நீருக்குக் கீழுள்ள உழைப்பை மறைப்பது போலவே, இச்சொல்லும் ஓர் உறவை மறைத்து நிற்கின்றது.

நிலைமை இன்று அப்படியே இல்லை என்பதையும் கூறுதல் வேண்டும். 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்வியோடு தொடர்புடைய சலுகைகளுக்கு அச்சங்கம் விதித்த கட்டுப்பாடுகளுக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு யூலை முதல் விளையாட்டாளர் தமது பெயரையும் உருவத்தையும் கொண்டு வருமானம் பெற அனுமதிக்கப்பட்டனர். 2025 யூனில் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கத்தீர்வின்படி, பல்கலைக்கழகமொன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி 5 இலட்சம் டொலர் வரை விளையாட்டாளருக்கு நேரடியாக வழங்கலாம். ஆனால் இப்பணம் எங்கே செல்லும்? பெருவருமானம் ஈட்டும் உதைபந்தாட்டத்தையும் ஆடவர் கூடைப்பந்தாட்டத்தையும் நோக்கியே பெரும்பகுதி பாயும். வருமானம் ஈட்டாத விளையாட்டுக்களின் வரவுசெலவுக் கணக்கு முன்னரிலும் நெருக்கப்படும் என்னும் அச்சம் நியாயமானதே.

5. அணியிற் சேர்தல்: இரு வாயில்கள்

இப்பின்னணியிலே நமது மாணவி அணியிற் சேருவதை நோக்கலாம். அவளுக்கு இரு வாயில்கள் உள்ளன. முதலாவது, பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணி. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம், ஸ்ரான்போட், ரெக்சாஸ் மாநிலத்து இன்கார்னேற் வேர்ட் பல்கலைக்கழகம் போன்ற மிகச் சில நிறுவனங்களே இத்தகைய அணிகளைப் பேணி வந்துள்ளன. இவற்றுள் ஒகையோ 30க்கு மேற்பட்ட தேசியக் கல்லூரிப் பட்டங்களை வென்றது. இங்கே பயிற்றுநர் உயர்பாடசாலைக் காலத்திலேயே வீராங்கனையரைத் தேடிக் கண்டுபிடிக்கின்றார். அதற்குமுன் சிறுவயது முதல் தனியார் கழகமொன்றிற் பயின்றிருத்தல் வேண்டும். அதற்குக் கட்டணம், பிரயாணம், உடை, தினந்தோறும் தடாகத்துக்குக் கொண்டுசெல்ல ஓய்வுள்ள பெற்றோர் ஆகியன வேண்டும். புலமைப்பரிசிலோ சொற்பமானது; பலருக்கிடையே பகிரப்படுவது.

இரண்டாவது வாயில் கழக அணி. மிச்சிகன், புளோரிடா முதலிய பல்கலைக்கழகங்களில் இத்தகைய அணிகள் உள்ளன. மாணவரே பணம் திரட்டி, மாணவரே நிர்வகித்து, பெரும்பாலும் தடாகம் ஓய்ந்திருக்கும் நேரங்களிலே பயிலுவர். முன்னனுபவம் இல்லாதவர்க்கும் இங்கு இடமளிப்பதுண்டு. போட்டித் தரம் நோக்கில் இது தாழ்ந்த வாயில் எனப்படலாம். ஆனால் கத்தரின் கேர்ட்டிஸின் 1923ஆம் ஆண்டுக் கழகத்துக்கு நெருங்கிய உறவினர் யாரெனக் கேட்டால், இந்தக் கழக அணிகளையே நாம் சுட்டவேண்டியிருக்கும்.

இவ்விரு வாயில்களுக்கும் முன்னர் மூன்றாவதொன்று உண்டு: தடாகத்தின் வாயில். அமெரிக்காவின் நகரசபைத் தடாகங்கள் பலவற்றிலிருந்து கறுப்பின மக்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை விலக்கப்பட்டிருந்தனர். 1949இல் செயின்ற் லூயிஸ் நகரில் தடாகமொன்றில் அவர்கள் முதன்முறை அனுமதிக்கப்பட்டபோது வெள்ளையர் கும்பல் அவர்களைத் தாக்கியது. நீந்தக் கற்காத பாட்டி, நீந்தக் கற்காத தாய், நீருக்கஞ்சும் மகள் என அவ்விலக்கு தலைமுறைகளாகத் தொடர்ந்தது. இன்றைய அணிகளின் நிறத்தைத் தனிமனித விருப்பங்களைக் கொண்டு விளக்குவோர் இவ்வரலாற்றை மறந்தவராவர்.

உள்ளே புகுந்தவளின் நாளும் இலேசானதன்று. கரையொத்திகை, நீர்ப்பயிற்சி, உடற்பயிற்சி ஆகியவற்றுக்கிடையே விரிவுரைகள். மார்ச் மாதமளவில் தேசியக் கல்லூரிப் போட்டி. போட்டிக்கும் பரீட்சைக்கும் இடையே பிரயாணங்கள். சக வீராங்கனையின் கால் தலையில் மோதி மூளை அதிர்ச்சி ஏற்படுதலும் உண்டு. மூச்சடக்கலின் எல்லை எத்தகையது என்பதை 2022ஆம் ஆண்டு புடாபெஸ்ற் உலகப் போட்டி காட்டியது. அமெரிக்க வீராங்கனை அனிற்றா அல்வாரெஸ் தமது தனி ஆற்றுகையின் முடிவில் மயங்கித் தடாகத்தின் அடியை நோக்கி ஆழ்ந்தார். பயிற்றுநர் அந்திரேயா புவெந்தெஸ் உடுத்த உடையோடு குதித்து அவரை மீட்டார். அக்கணத்தில் மட்டும் உலகம் நீர்மட்டத்தின் கீழே நோக்கியது.

6. பெண்களின் இடம்

1972இல் நிறைவேறிய கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, அரச நிதிபெறும் கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்கப் பெண்கள் இயக்கத்தின் பெருவெற்றிகளுள் இது ஒன்று. மகளிர் கல்லூரி விளையாட்டை அப்போது நடத்தியது 1971இல் உருவான மகளிர்க்கேயுரிய சங்கமொன்றாகும். பெரும்பாலும் பெண்களே நிர்வகித்த அச்சங்கம் ஒத்திசைவு நீச்சலுக்கும் தேசியப் போட்டி நடத்தியது. ஆனால் ஆண்களின் விளையாட்டை ஆண்ட தேசியச் சங்கம் 1981-82இல் மகளிர் போட்டிகளையும் தன்வசப்படுத்தியபோது, நிதிபலமற்ற மகளிர் சங்கம் நிலைகுலைந்து மறைந்தது. தேசியச் சங்கம் எடுத்துக்கொண்ட விளையாட்டுக்களில் ஒத்திசைவு நீச்சல் இடம்பெறவில்லை.

1994இல் ‘வளர்ந்துவரும் மகளிர் விளையாட்டுக்கள்’ எனத் தேசியச் சங்கம் வகுத்த பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. 40 பல்கலைக்கழகங்கள் அணி அமைத்தால் தேசியப் போட்டி அந்தஸ்துக் கிடைக்கும் என்பது விதி. துடுப்புப்படகோட்டமும் பனிக்கட்டி ஹொக்கியும் அந்த எண்ணிக்கையை எட்டின. ஒத்திசைவு நீச்சல் எட்டவில்லை. பின்னர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. பெண்கள் கல்லூரியில் தாமே ஆக்கிய கலையொன்று, பெண்களுக்குச் சமவாய்ப்பு வழங்கவென வகுத்த கணக்கிலும் வெளியே தள்ளப்பட்டமை வரலாற்றின் முரண்நகை. இன்னொரு புறத்தில், இக்கலை பெண்களுக்கே உரியதென்ற எண்ணமும் உடைந்து வருகின்றது. 2015ஆம் ஆண்டு கசான் உலகப் போட்டியிற் கலப்பு இருவர் பிரிவு முதன்முறையாக இடம்பெற்றது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அணிகளில் ஆண்களும் இடம்பெற விதி அனுமதித்தது. ஆயினும் ஒருவரும் தெரிவாகவில்லை.

7. ஸ்ரான்போட் 2020

மேற்கூறிய முரண்பாடுகளெல்லாம் ஒன்றுகூடி வெளிப்பட்ட நிகழ்வொன்றை இறுதியாக நோக்குவோம். 2020 யூலையில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகம் தனது 36 அதிகாரபூர்வ விளையாட்டுக்களில் 11ஐ அடுத்த கல்வியாண்டின் முடிவில் நிறுத்துவதாக அறிவித்தது. ஒத்திசைவு நீச்சல் அவற்றுளொன்று. 240க்கு மேற்பட்ட விளையாட்டாளர் பாதிக்கப்பட்டனர். நிதிப் பற்றாக்குறை எனக் காரணம் கூறப்பட்டது. அப்போது அப்பல்கலைக்கழகத்தின் அறக்கொடை நிதி 2,800 கோடி டொலருக்கு மேற்பட்டது. உதைபந்தாட்டம் கைவிடப்பட்டவற்றில் இல்லை.

விளையாட்டாளரும் பழைய மாணவரும் பிரிந்து நிற்கவில்லை. மற்போர் வீரரும் வாள்வீச்சு வீரரும் நீச்சல் வீராங்கனையரும் ‘36’ என்னும் எண்ணையே பதாகையாக்கி ஒன்றுபட்டனர். நிதி திரட்டினர், வழக்குத் தொடுத்தனர். 2021 மே மாதத்தில் பல்கலைக்கழகம் தன் முடிவைக் கைவிட்டது. இவ்வெற்றியை மிகைப்படுத்தலும் ஆகாது. செல்வமும் செல்வாக்கும் பெற்ற பழைய மாணவர் அவர்கள் பக்கம் இருந்தனர். அத்தகையோர் இல்லாத சிறிய கல்லூரியொன்றில் முடிவு வேறாயிருந்திருக்கக் கூடும். ஆயினும், ‘மாணவ விளையாட்டாளர்’ எனப் பெயரிடப்பட்டுத் தனித்தனியே நன்றியுடையோராய் இருக்கும்படி பழக்கப்பட்டோர், கூட்டாகக் கோரிக்கை வைக்கக் கற்றுக்கொண்டனர் என்பது சிறிய விடயமன்று.

8. முடிவுரை

இவற்றையெல்லாம் அறிந்த பின்னர் நமது மாணவி அணியிற் சேராதிருத்தல் வேண்டுமென்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஒத்திசைவு நீச்சலை வெறும் பூர்ஷ்வாக் கேளிக்கையெனத் தள்ளிவிடுவது இயந்திரப் பாங்கான மார்க்சியமாகும். தனிமனிதப் போட்டியையே மனித இயல்பென ஓதும் ஒரு சமுதாயத்தின் நடுவே, எட்டுப் பேர் ஒரே மூச்சாக எண்ணிக் கற்கும் கலையொன்று நூறாண்டு வாழ்ந்திருப்பது வியப்புக்குரியது. ஒருத்தி பிந்தினால் எவரும் எழமுடியாது என்பதை அவ்வுடல்கள் அறிந்திருக்கின்றன.

ஆகவே சேருபவள் சில கேள்விகளோடு சேரவேண்டும். காயமடைந்தால் வைத்தியச் செலவு யாருடையது? புலமைப்பரிசில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதா, நான்காண்டுக்கும் உறுதியானதா? அணியைக் கலைக்கும் அதிகாரம் யாரிடமுள்ளது. அம்முடிவில் அணியினருக்குக் குரலுண்டா? என் அயலிலுள்ள பிள்ளைகளில் யார் இத்தடாகத்துக்கு வர முடியவில்லை, ஏன்? இக்கேள்விகளைத் தனியே கேட்பவள் நன்றியற்றவள் எனப்படுவாள். அணியாகக் கேட்டால் பதில் கூறவேண்டியிருக்கும். தூக்கலின்போது நீருக்கடியில் நிற்பவர்களுக்கு இப்பாடம் ஏற்கெனவே தெரிந்தது. அதைக் கரையிலும் பிரயோகிப்பதே எஞ்சியுள்ள பணி.